வீட்டுக்கடனை அடைக்கப் பி.எஃப். பணத்தை எடுப்பதா, விட்டுவைப்பதா?

மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருடைய கணக்குவழக்கில் இரண்டு பெரிய தொகைகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, ஆண்டுக்கணக்கில் தவணை கட்டிய பிறகும் பாதிகூடக் குறையாமல் நிற்கும் வீட்டுக்கடன். மற்றொன்று, சம்பளச் சீட்டில் ஒரு வரியாக மட்டும் தென்பட்டு, கவனிக்காத வேளையில் பத்து, பதினைந்து லட்சமாக வளர்ந்துவிட்ட தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், இதைக் கொண்டு அதை அடைத்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பே. இதைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் இரண்டு வட்டி விகிதங்களை ஒப்பிட்டு அங்கேயே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வட்டி விகிதம் முக்கியந்தான். ஆயினும் தவணை நின்ற பிறகு அந்தப் பணம் மாதந்தோறும் எங்கே போகப்போகிறது என்பதும், கடன் முழுமையாகத் தீருமா அல்லது ஒரு பகுதி மட்டும் குறையுமா என்பதும் அதைவிடப் பெரிய கேள்விகள் என்பது என் கருத்து.

விதிகள் எவ்வளவு இடம் தருகின்றன

1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் 68பிபி என்ற பத்தி வீட்டுக்கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கென்றே எழுதப்பட்டது. அதன்படி 10 ஆண்டு உறுப்பினராக இருந்தவர், தம் பெயரிலோ, வாழ்க்கைத் துணையின் பெயரிலோ, இருவர் பெயரிலும் கூட்டாகவோ உள்ள வீட்டின் கடனுக்காகப் பணம் எடுக்கலாம். 36 மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், கணக்கில் உள்ள ஊழியர், நிறுவனம் ஆகிய இரு தரப்புப் பங்கும் வட்டியும், கடனின் மீதித் தொகை ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே உச்சவரம்பு. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால், கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 18 லட்சத்துக்கு மேல் கிடைக்காது.

2025 அக்டோபரில், வருங்கால வைப்பு நிதியை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு இந்த விதிகளைச் சுருக்கி எழுத ஒப்புதல் அளித்தது. முன்பணம் எடுப்பதற்கான 13 தனித்தனி விதிகளை ஒன்றாக்கி, வீட்டுத் தேவையை அதில் ஒரு பிரிவாக வைத்து, பணிக்கால நிபந்தனையை எல்லாவற்றுக்கும் 12 மாதம் என்று குறைத்து, அதே சமயம் கணக்கில் 25 சதவீதம் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும் என்று அந்த முடிவு கூறுகிறது. விண்ணப்பம் போடும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறதோ அதுவே பொருந்தும் என்பதால், அலுவலகத்தின் பி.எஃப். பிரிவில் கேட்டுக்கொண்டு தொகையைத் திட்டமிடுவது நல்லது. எடுப்பது எளிதாகிக்கொண்டே வருகிறது என்பதையும், அந்த எளிமைக்கு நடுவிலும் 25 சதவீதத்துக்கு ஒரு பூட்டுப் போடப்படுகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை, தொடர்ச்சியாக 5 ஆண்டுப் பணி முடித்தவர் எடுக்கும் தொகைக்கு வருமான வரி இல்லை. ஒரு முறை எடுத்த பணத்தை மறுபடியும் மொத்தமாகக் கணக்கில் கொண்டுபோய்ச் செலுத்தவும் வழியில்லை. இந்த இரண்டாவது செய்தியை எத்தனை பேர் விண்ணப்பத்துக்கு முன் நினைத்துப் பார்க்கிறார்கள் என்பது கேள்விக்குரியது.

வங்கியின் பக்கம் சிக்கல் குறைவு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. நிலையான வட்டியில் வாங்கியிருந்தால் மட்டும் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

வட்டியை வட்டியோடு ஒப்பிடும்போது

வருங்கால வைப்பு நிதிக்கு 2023-24, 2024-25 ஆகிய இரு நிதியாண்டுகளிலும் 8.25 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 2021-22இல் அது 8.1 சதவீதமாக இறங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காணாத தாழ்நிலையைத் தொட்டது. அதாவது இந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு அசைகிறது. ஆனால் மெதுவாக அசைகிறது. வீட்டுக்கடன் வட்டி அப்படியல்ல. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டுள்ளன. அந்த ரெப்போ 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு ஏறி, 2025ஆம் ஆண்டில் மட்டும் நான்கு முறை குறைக்கப்பட்டு 5.25 சதவீதத்துக்கு வந்தது. ஆகவே இன்று ஒருவர் போடும் வட்டிக் கணக்கு மூன்று ஆண்டுகள் கழித்துத் தலைகீழாக மாறக்கூடும்.

இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்துவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பி.எஃப். வட்டி ஆண்டுக்கு ஒருமுறை கணக்கில் சேர்கிறது; கடன் வட்டியோ மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. எனவே 8.25 சதவீத பி.எஃப். வட்டிக்குச் சமமான கடன் வட்டி 8.25 அன்று, ஏறத்தாழ 7.95 சதவீதம். உங்கள் கடன் வட்டி 7.95க்குக் கீழே இருந்தால், பி.எஃப். பணம் இருந்த இடத்திலேயே அதிகம் சம்பாதிக்கிறது. கணக்கு அத்தோடு முடிந்தது. மேலே இருந்தால்தான் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டும்.

பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கோடு இன்னும் மேலே போகும். தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை அந்த முறையில் கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரிப் படிநிலையில், கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 சதவீதம் வரி கட்டுபவருக்கு, 8.5 சதவீதக் கடனின் உண்மையான சுமை சுமார் 5.85 சதவீதந்தான். வரியில்லாத 8.25 சதவீதத்தை எடுத்து 5.85 சதவீதக் கடனை அடைப்பதற்கு நியாயமே இல்லை. அசலைத் திருப்பிக் கட்டினால் 1.5 லட்சம் வரை கழிவு உண்டே என்பார்கள். அந்த வரம்பைச் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். தொகையே பெரும்பாலும் நிரப்பிவிடுகிறது. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்த வட்டிக் கழிவு கிடையாது. அதில் இருப்பவருக்கு 8.5 என்பது 8.5தான்.

ஒரே கடன், மூன்று முடிவுகள்

42, 43 வயதுள்ள தனியார் நிறுவன ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடன் மீதி 20 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 15 ஆண்டுகள் உள்ளன. மாதத் தவணை 19,695 ரூபாய். இதே வேகத்தில் கட்டிக்கொண்டு போனால் மேற்கொண்டு செலுத்தும் வட்டி மட்டும் சுமார் 15.45 லட்சம். அவருடைய பி.எஃப். கணக்கில் 18 லட்சம் இருக்கிறது. அதிலிருந்து 10 லட்சத்தை எடுத்துக் கடனில் செலுத்தலாமா என்பது கேள்வி.

செலுத்திவிட்டு அதே தவணையைத் தொடர்ந்தால், கடன் 180 மாதங்களுக்குப் பதிலாக 63 மாதங்களில் முடிந்துவிடும். செலுத்தும் வட்டி சுமார் 2.44 லட்சமாகச் சுருங்கும். 13 லட்சம் மிச்சம் என்று இதைத்தான் எல்லாரும் கண்கள் விரியச் சொல்வார்கள். ஆனால் அந்த 10 லட்சம் பி.எஃப்.பிலேயே 8.25 சதவீதத்தில் 15 ஆண்டுகள் இருந்திருந்தால் 32.84 லட்சமாக வளர்ந்திருக்கும். ஒரு பக்கத்து மிச்சத்தை மட்டும் சொல்லி, மறுபக்கத்து இழப்பைச் சொல்லாமல் விடுவது கணக்காகாது.

சரியான ஒப்பீட்டுக்கு, 64ஆம் மாதத்திலிருந்து விடுபடும் தவணைப் பணத்தைப் பின்தொடர வேண்டும். அந்த 19,695 ரூபாயை மீதியுள்ள 117 மாதங்களும் தவறாமல் அதே 8.25 சதவீதத்தில் சேமித்தால், 15ஆம் ஆண்டின் முடிவில் சுமார் 34.65 லட்சம் சேரும். பணத்தை எடுத்தவர் ஏறத்தாழ 1.8 லட்சம் முன்னால் நிற்பார். வரி போகக் கையில் 5 சதவீதம் மட்டும் தரும் வைப்பில் அதே தொகையைப் போட்டுவந்தால் சேர்வது சுமார் 29.45 லட்சம், இப்போது அவர் 3.4 லட்சம் பின்னால் நிற்கிறார். விடுபட்ட பணம் பிள்ளைகளின் கட்டணத்திலும் புதிய காரின் தவணையிலும் கரைந்துபோனால், 58 வயதில் அவரிடம் கடனில்லாத வீடு இருக்கும், அந்த 32.84 லட்சம் இருக்காது. வீடு எப்படியும் அந்த வயதுக்குள் கடனிலிருந்து மீண்டிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஏனெனில் பணத்தை எடுக்காதவருக்கும் கடன் அதே 15ஆம் ஆண்டில் முடிந்துதான் போகிறது.

ஆக, வட்டி விகிதம் சாதகமாக இருக்கும்போதுகூட எடுப்பதால் வரும் லாபம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ஒழுங்கு தவறினால் வரும் நட்டம் அதைப்போலப் பல மடங்கு. ஒன்பதரை, பத்து சதவீத வட்டியில் கடன் வைத்திருப்பவருக்கு இந்த லாபம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அத்தனை வட்டி கட்டுகிறவர் முதலில் பேச வேண்டியது வங்கியோடுதான், பி.எஃப். அலுவலகத்தோடு அல்ல. அதைப் பின்னால் பார்ப்போம்.

விடுபடும் தவணையை 8.25 சதவீதத்திலேயே சேமிக்க உண்மையில் வழி இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது. கட்டாயமான 12 சதவீதத்துக்கு மேல், தம் விருப்பத்தின் பேரில் அடிப்படைச் சம்பளத்தில் 100 சதவீதம் வரை அதே கணக்கில் செலுத்த ஊழியருக்கு உரிமையுண்டு. அதற்கும் அதே வட்டிதான். பல நிறுவனங்கள் நிதியாண்டின் தொடக்கத்தில்தான் இந்தக் கோரிக்கையை ஏற்கின்றன என்பதால் மாதக் கணக்கை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்னத் தடையும் உண்டு. ஊழியர் தம் பங்காக ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் செலுத்தினால், மிகுதித் தொகையின் வட்டிக்கு 2021 ஏப்ரல் முதல் வரி விதிக்கப்படுகிறது. நம் உதாரணத்தில் அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் கட்டாயப் பங்கு ஆண்டுக்கு 72,000. தவணைப் பணம் 2,36,340. இரண்டும் சேர்ந்து 3,08,340. வரம்பைத் தாண்டிய 58,340 ரூபாயின் வட்டிக்கு மட்டும் வரி கட்ட வேண்டியிருக்கும். பெரிய இழப்பில்லை. சம்பளத்திலேயே பிடித்தம் ஆகிவிடுவதால் மனம் மாறிச் செலவழிக்கும் வாய்ப்பும் குறைவு. பணத்தை எடுத்துக் கடனை அடைப்பவர்களில் இந்தப் பிடித்தத்துக்கு எழுதிக்கொடுப்பவரை மட்டுமே கணக்குத் தெரிந்தவர் என்று சொல்வேன்.

பாதி அடைத்தால் பாதுகாப்பு கூடுமா?

வட்டிக் கணக்கைத் தாண்டி, கடனில்லாமல் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்று பலரும் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்த நிம்மதி எப்போது கிடைக்கிறது என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். கடன் முழுவதும் தீர்ந்து, பத்திரம் கைக்கு வந்தால் கிடைக்கும். 20 லட்சம் 10 லட்சமாகக் குறைந்தால் கிடைக்குமா?

வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு 10 லட்சத்தை மொத்தமாகக் கட்டினோமே என்று வங்கி எந்தச் சலுகையும் தராது. அடுத்த மாதத் தவணை அடுத்த மாதமே வர வேண்டும். நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் அது வாராக்கடன். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்பி, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலேயே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர வங்கிக்கு அதிகாரம் உண்டு. கடன் மீதி 20 லட்சமா 10 லட்சமா என்பதால் இந்த நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை. மாறாக, அந்த 10 லட்சம் பி.எஃப். கணக்கிலேயே இருந்திருந்தால், வேலையற்றிருக்கும் காலத்தில் கணக்கின் பெரும்பகுதியை எடுக்க அனுமதி உண்டு. 19,695 ரூபாய் வீதம் 50 மாதத் தவணைகளுக்கு அது போதும். பகுதியளவு அடைப்பது வட்டியைக் குறைக்கும், ஆபத்தைக் குறைக்காது. சில வேளைகளில் கூட்டவும் செய்யும்.

இன்னொரு வேறுபாடு சட்டம் சார்ந்தது. பி.எஃப். கணக்கில் உள்ள தொகையை வேறு கடன்களுக்காக நீதிமன்ற ஆணையின் மூலம் ஜப்தி செய்ய முடியாது என்று 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு பாதுகாப்பளிக்கிறது. பிணையம் போட்டு மாட்டிக்கொண்டவருக்கும், சொந்தத் தொழிலில் கைமாற்று வாங்கியவருக்கும் இந்தப் பாதுகாப்பின் அருமை தெரியும். அந்தப் பாதுகாப்பிலிருந்து பணத்தை வெளியே எடுத்துச் செங்கல்லுக்குள் வைப்பது, வீடு அடமானத்திலிருந்து முற்றிலும் மீளாத வரையில், புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை.

பணியிலிருக்கும்போதே இறந்துவிடும் ஊழியரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தொகையிலும் இந்த முடிவின் நிழல் விழுகிறது. வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் உச்சத் தொகை 7 லட்சம். அதில் 5.25 லட்சம் சம்பளத்தை வைத்தும், 1.75 லட்சம் வரை கடைசி 12 மாதங்களில் கணக்கில் இருந்த சராசரித் தொகையின் பாதியை வைத்தும் கணக்கிடப்படுகிறது. கணக்கில் சராசரியாக 3.5 லட்சமாவது இருந்தால்தான் அந்த 1.75 லட்சம் முழுதாக வரும். கணக்கைத் துடைத்து எடுத்தவரின் குடும்பத்துக்கு அது சுருங்கிவிடும். கடன் தொகைக்கு ஈடான தனி ஆயுள் காப்பீடு எடுத்திருப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, எடுக்காதவர், பி.எஃப். பணத்தைத் தொடும் முன் அதை எடுத்துவிடுவது மேல்.

அரசு ஊழியரல்லாத ஒருவருக்கு இந்தக் கணக்கு ஏன் அத்தனை முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கிறார்கள். சம்பள வரம்பு 15,000 என்பதால் 35 ஆண்டு பணி செய்தாலும் வாய்பாடு தருவது மாதம் 7,500 ரூபாய். உயர் ஊதியத்தின் மீது ஓய்வூதியம் பெறத் தகுதி பெற்ற சிலரைத் தவிர, மற்ற அனைவருக்கும் முதுமையில் கைகொடுப்பது அந்தப் பி.எஃப். மொத்தத் தொகைதான்.

பி.எஃப்.பைத் தொடாமல் கடனைச் சுருக்கும் வழிகள்

ஒப்பிட வேண்டியவை இரண்டு வழிகள் மட்டுமல்ல. முதலில் வட்டி விகிதத்தையே குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ரெப்போ குறைந்தபோதும், பழைய அடிப்படை விகிதத்திலோ, வங்கி தான் நிதி திரட்டும் செலவை வைத்துக் கணக்கிடும் எம்.சி.எல்.ஆர். முறையிலோ தங்கிவிட்ட கடன்களில் அந்தக் குறைப்பு முழுதாக வந்து சேர்வதில்லை. வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி, மாற்றுக் கட்டணம் செலுத்தி, புதிய விகிதத்துக்கு மாறலாம். மறுத்தால் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம். நம் உதாரணத்தில் 8.5 சதவீதம் 7.75 ஆகக் குறைந்து, தவணை அப்படியே தொடர்ந்தால், கடன் 14 மாதங்கள் முன்பாகவே முடிந்துவிடும். அதைவிட முக்கியமாக, 7.75 என்பது மேலே சொன்ன 7.95 என்ற கோட்டுக்குக் கீழே இருப்பதால், பி.எஃப். பணத்தை எடுக்கும் கேள்விக்கே அத்தோடு இடமில்லாமல் போகிறது. வட்டி ஏறும் காலத்திலும் ஒரு பாதுகாப்பு உண்டு: விகிதம் மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தெரிவைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. காலத்தை நீட்டும்படி வங்கியே தன்போக்கில் முடிவெடுத்துவிட்டால், 58 வயதில் முடிய வேண்டிய கடன் 62 வரை இழுபடும். காலாண்டு அறிக்கையில் மீதித் தவணைகளின் எண்ணிக்கையை ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி, தவணையைச் சற்றே உயர்த்துவது. 19,695 ரூபாயை 10 சதவீதம் கூட்டி 21,665 ஆக்கினால், 180 மாதக் கடன் சுமார் 151 மாதங்களில் முடிகிறது. மாதம் 1,970 ரூபாய் கூடுதல் செலவில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் மிச்சம். ஆண்டு ஊதிய உயர்வு வரும் மாதத்தில் இதைச் செய்தால் குடும்பத்துக்குச் சுமையே தெரியாது. பார்வைக்குக் கவர்ச்சியில்லாத இந்த வழியைத்தான் பெரும்பாலோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது, ஓவர்டிராஃப்ட் வசதி இணைந்த வீட்டுக்கடன். கையிருப்பை அதில் போட்டுவைத்தால் அந்த அளவுக்கு வட்டி குறையும். தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவசர நிதியாகச் சேமிப்புக் கணக்கில் இரண்டு, மூன்று லட்சத்தைத் தூங்கவிடுபவர்களுக்கு இது பொருந்தும். வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பொது வருங்கால வைப்பு நிதி வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதன் வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதத்தில் நிற்கிறது, வருமானத்துக்கு வரியில்லை. கடன் வட்டி 8.5 ஆக இருந்து, புதிய வரி முறையில் இருப்பவரானால், தொழிலாளர் பி.எஃப்.பைவிட இதிலிருந்து எடுப்பதே மேல். 15 ஆண்டு முதிர்வை எட்டிய கணக்கென்றால் தயங்க வேண்டியதே இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பணிக்காலத்தில் அதிலிருந்து பகுதியாக எடுக்கக்கூடியது சொந்தப் பங்களிப்பில் 25 சதவீதம் மட்டுமே. அது ஒரு பெரிய கடனின் போக்கை மாற்றாது.

இவ்வளவுக்குப் பிறகும் பி.எஃப். பணத்தை எடுத்துப் பகுதியளவு கட்டுவதென்று ஒருவர் முடிவு செய்தால், தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று வங்கி கேட்கும். காலத்தைக் குறைப்பதே லாபம் என்று பலரும் சொல்வார்கள். தவணையைக் குறைத்துக்கொண்டு, மாதந்தோறும் பழைய தொகையையே தாமாகக் கட்டிவந்தாலும் கடன் அதே 63 மாதங்களில்தான் முடியும். அபராதம் இல்லாததால் வட்டிச் சேமிப்பும் ஒன்றுதான். வேறுபாடு, கஷ்டகாலத்தில் தெரியும்: கட்டாயத் தவணை 19,695க்குப் பதில் 9,847 மட்டுமே. தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓய்வு பெறும் நாளில் கடன் மீதி இருந்தால்

இதுவரை சொன்னவை பணியில் இருப்பவருக்கு. 58 வயதில் சம்பளம் நின்றுவிட்ட பிறகு ஒப்பீட்டின் அடிப்படையே மாறிவிடுகிறது. அப்போது பார்க்க வேண்டியது வட்டி விகிதத்தை அல்ல, மாத வரவையும் செலவையும்.

பி.எஃப்., பணிக்கொடை, விடுப்பு ஊதியம் எல்லாம் சேர்த்து 45 லட்சம் பெற்றவருக்கு 8 லட்சம் கடன் மீதி இருப்பதாகக் கொள்வோம். அதே 19,695 ரூபாய்த் தவணையில் அது 4 ஆண்டுகளில் முடியும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம் தருகிறது. ஓய்வு பெற்றவர் 55 வயது முதலே, பணப்பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அதில் சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம். காகிதத்தில் பார்த்தால் 8.2 சதவீத வரவும் 8.5 சதவீதக் கடனும் ஏறக்குறையச் சமம். அடைத்தால் என்ன, விட்டால் என்ன என்று தோன்றும்.

மாதக் கணக்குப் போட்டால் அப்படித் தோன்றாது. கடனை அடைத்துவிட்டு, 30 லட்சத்தைச் சேமிப்புத் திட்டத்திலும் மீதி 7 லட்சத்தை அவசரத்துக்கென வங்கியிலும் வைத்தால், காலாண்டுக்கு 61,500 வீதம் மாதம் 20,500 ரூபாய் வரும். ஊழியர் ஓய்வூதியம் 4,000 என்று கொண்டால் மொத்தம் 24,500. கடனை அப்படியே விட்டு, எஞ்சிய 15 லட்சத்தையும் 6.5 சதவீத வைப்பில் போட்டால் மாத வரவு 32,625 ஆகும். தவணை போகக் கையில் நிற்பது 12,930 மட்டுமே. அசலையும் சேர்த்துத் திருப்பிக் கட்டும் தவணையை வட்டி வருமானத்தால் தாங்க முடிவதில்லை. மாதந்தோறும் வைப்பிலிருந்து பிய்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். இந்த நிலையில் உள்ளவர் கடனை அடைத்துவிடுவதே சரி. அடைத்த பின் குறைந்தது இருபது ஆண்டுச் செலவுக்குப் பணம் மிஞ்சுகிறதா என்ற ஒரே நிபந்தனையைத் தவிர வேறு தயக்கம் வேண்டியதில்லை.

அந்த நிபந்தனை நிறைவேறாதவர்கள்தான் கவலைக்குரியவர்கள். 15 லட்சம் மட்டுமே பெற்று, 12 லட்சம் கடன் உள்ளவர் அதை அடைத்தால் வீடு மிஞ்சும். மருந்துக்கும் மளிகைக்கும் 3 லட்சம் மிஞ்சும். அவர் அடைக்கக் கூடாது. சம்பாதிக்கும் மகனையோ மகளையோ கடனில் இணைத்துக்கொண்டு தவணையை அவர்களிடம் ஒப்படைப்பது ஒரு வழி. கூச்சத்தை விட்டுப் பேச வேண்டிய பேச்சு அது. பெரிய வீட்டை விற்றுக் கடனைத் தீர்த்து, சிறிய வீட்டுக்கு மாறுவது மற்றொரு வழி. 2007இல் அறிமுகமான தலைகீழ் அடமானத் திட்டத்தின்படி, 60 வயதைத் தாண்டியவர் தாம் குடியிருக்கும் வீட்டை ஈடுகாட்டி வங்கியிலிருந்து மாதாமாதம் பணம் பெறலாம் என்றாலும், வீடு வில்லங்கமின்றி இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுச்செல்லும் எண்ணம் ஊறிப்போன நம் குடும்பங்களில் அதை நாடுபவர் மிகக் குறைவு.

கடனை முழுவதும் அடைப்பவர், கடைசித் தவணைக்கான ரசீதோடு நின்றுவிடக் கூடாது. கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆவணங்களை வாங்கும்போது தாய்ப் பத்திரம் முதல் ஒவ்வொன்றையும், கடன் வாங்கிய நாளில் வங்கி கொடுத்த பட்டியலோடு சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஆவண ஒப்படைப்பு (வீட்டுப் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக வங்கியிடம் கொடுத்தது) சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும் என்பதால், அதை நீக்கும் ரசீதுப் பத்திரத்தையும் வங்கி அதிகாரியின் கையெழுத்தோடு பதிந்து, சில நாட்கள் கழித்து ஒரு வில்லங்கச் சான்றிதழ் போட்டு, அந்த நீக்கம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.